குப்பைத் தீயும் நகராட்சியின் கடமையும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் காவியத்தையோ தத்துவத்தையோ சரித்திரத்தையோ பொருளாகக் கொள்வது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தினின்று சற்று விலகி, தெருக்கோடியில் சருகையும் குப்பையையும் கூட்டித் தீயிடுவதைப் பற்றியும், அதனைத் தடுப்பதற்காக உள்ளாட்சி மன்றங்கள் வகுக்கும் விதிகளைப் பற்றியும் பேச விரும்புகிறேன் என்று நான் தெரிவித்தபோது, அறங்காவலர்கள் ஒரு தடையும் சொல்லாமல் இசைந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி உரியது. குப்பை என்பது அறிஞர் சபையில் எடுத்துப் பேசத்தக்க விஷயமா என்று யாரேனும் ஐயுறுவாராயின், நாம் ஒவ்வொருவரும் உண்ணாமல் பல நாள் இருக்கலாம், பருகாமல் சில நாள் இருக்கலாம், மூச்சு விடாமல் சில நிமிஷங்கள்கூட இருக்க இயலாது என்பதை மட்டும் அவருக்கு நினைவூட்டுவேன். அந்த மூச்சுக்காற்றை அன்றாடம் காப்பதும் கெடுப்பதும் டெல்லியிலும் சென்னையிலும் உள்ள பெரிய அதிகார பீடங்களைக் காட்டிலும், நம் தெருவுக்கு வண்டி அனுப்பும் நகராட்சியின் கையிலேயே மிகுதியும் இருக்கின்றது. 1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், பொதுச் சுகாதாரத்தையும் துப்புரவையும் திடக்கழிவு மேலாண்மையையும் நகர உள்ளாட்சிகளுக்குரிய பொறுப்புகளாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் ஒரே இனமாகச் சேர்த்து வைத்ததும் இக்காரணம் பற்றியே ஆகும்.

நான் இன்று நிலைநாட்ட விரும்புவது ஒரே ஒரு கருத்து. ‘எரிக்காதே’ என்று பிரஜைக்குக் கட்டளையிடும் மன்றம், ‘நான் எடுத்துச் செல்கிறேன்’ என்னும் கடமையை அதற்கு முன்பே ஏற்று நிறைவேற்றியிருக்க வேண்டும். அக்கடமை நிறைவேறாத இடத்தில் விதிக்கப்படும் அபராதம் நியாயமும் ஆகாது, பயனும் தராது. இதனைச் சொல்லுமுன், எரித்தல் ஏன் தடுக்கப்பட வேண்டிய காரியம் என்பதைத் தெளிவுபடுத்துதல் முறை. ஏனெனில், நூறு தலைமுறையாக எரித்து வந்தோம், யாருக்கு என்ன கேடு வந்தது என்று கேட்பவர்கள் நம்மிடையே இன்னும் பலர் இருக்கிறார்கள்.

சருகுக் குவியல் ஒன்றில் தீயிட்டு, அது எவ்வாறு எரிகின்றது என்பதைச் சற்று நின்று பாருங்கள். மேலே கிடக்கும் உலர்ந்த இலைகள் இரண்டொரு நிமிஷத்தில் சுடர்விட்டு எரிந்து போகும். அதன் பின்னர், அடியில் பனி ஈரத்தோடு காற்றுப் புகாமல் அழுந்திக் கிடக்கும் இலைகள் சுடரின்றிப் புகையத் தொடங்கி, மணிக்கணக்காகப் புகைந்துகொண்டே இருக்கும். தடித்த வெண்ணிறமாக எழும் அந்தப் புகை வெறும் நீராவி என்று கருதுவது தவறு. இலையிலுள்ள கரிமப் பொருள்கள் முழுதும் எரிந்து கரியமில வாயுவாக மாறுவதற்குப் போதிய வெப்பமும் பிராணவாயுவும் கிட்டாமையால், கார்பன் மோனாக்ஸைடாகவும், பென்சீன், ஃபார்மால்டிஹைடு முதலிய நச்சாவிகளாகவும், தாரின் நுண்துளிகளாகவும் பாதி எரிந்து வெளியேறும் கலவையே அது. அத்துளிகளிற் பெரும்பான்மையானவை 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. மூக்கும் தொண்டையும் வடிகட்டித் தடுக்கும் அளவுக்கு அவை பருத்தவையல்ல. ஆதலால் நுரையீரலின் கடைசி அறைவரை சென்று, அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கின்றன. இத்தகைய நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. நம் நாட்டில் 2009இல் வகுக்கப்பட்ட அளவு 40 மைக்ரோகிராம்.

இது தூய சருகின் கதை. இன்று தெருவில் தூய சருகு எங்கே இருக்கின்றது? பால் உறை, கேரி பை, தின்பண்டப் பொட்டலம், அறுந்த செருப்பு, மின்கம்பியின் மேலுறை, உடைந்த பி.வி.சி. குழாய்த் துண்டு ஆகிய அனைத்தும் அச்சருகோடு கூட்டி அள்ளப்படுகின்றன. பி.வி.சி.யில் உள்ள குளோரின், எரியும் கரிப்பொருளோடு சேர்ந்து, புகை சுமார் 200 பாகை முதல் 400 பாகை வரையிலான வெப்பத்தில் தங்கிக் குளிரும்போது டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சாக உருவெடுக்கின்றது. பெரிய எரியுலைகளில் 850 பாகைக்குக் குறையாத வெப்பத்தில் இரண்டு விநாடியேனும் வாயுக்களை நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாட்டார் விதி செய்திருப்பது இந்நஞ்சைத் தவிர்ப்பதற்காகவே. தெருமுனைக் குப்பைத் தீயோ, அந்நஞ்சு பிறப்பதற்கு வேண்டிய வெப்பத்தையும் தாமதத்தையும் ஒருங்கே அமைத்துக் கொடுத்துவிடுகின்றது. பிறந்த நஞ்சு மண்ணில் படிந்து, புல்லில் ஏறி, பசுவின் கொழுப்பிலும் பாலிலும் சேர்ந்து, மனித உடலை அடைந்த பிறகு, அதில் பாதி கழிவதற்கே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2001இல் ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, இத்தகைய நஞ்சுகள் பிறக்கும் இடங்களுள் ஒன்றாகக் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தலைக் குறிப்பிட்டது. இந்தியா அவ்வுடன்படிக்கையை 2006இல் ஏற்றது. நம் பாட்டனார் எரித்தது வைக்கோலும் மட்டையும் சருகும். அவர் எரித்தது நாலு புறமும் வெட்டவெளியாக இருந்த களத்து மேட்டில். அவர் செயலைச் சான்றாகக் காட்டி, நெருங்கிய வீடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கை எரிப்பவர், அவருக்கு நியாயம் செய்தவர் ஆகமாட்டார்.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். காற்றைக் கெடுப்பது குற்றம் என்னும் எண்ணம் நம் நாட்டுச் சட்டத்திற்குப் புதிதன்று. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 278ஆவது பிரிவு, சுற்றுப்புறத்தில் வசிப்போரின் ஆரோக்கியத்திற்குத் தீங்காகும்படி வேண்டுமென்றே காற்றை மாசுபடுத்துவோனுக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதித்தது. அக்காலத்தில் 500 ரூபாய் என்பது சாமானியக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் சேர்க்க இயலாத தொகை. அதே தொகை நூற்றறுபது ஆண்டுக் காலம் மாற்றமின்றி நின்று, 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையில் 1,000 ரூபாயாக உயர்ந்தது. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, எரிபொருள் அல்லாத பொருள்களை எரிப்பதைக் குறிப்பிட்ட பகுதிகளில் தடைசெய்ய மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. 1996இல் அல்மித்ரா படேல் என்னும் அம்மையார் நகரக் குப்பைகளைக் குறித்து உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாக, நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000இல் பிறந்தன. குப்பையையும் உலர்ந்த இலைகளையும் எரிக்கலாகாது என்று அவ்விதிகள் வெளிப்படையாகவே கூறின. 2016 ஏப்ரலில் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, கழிவை உண்டாக்குவோர் எவரும் அதனைத் தெருவில் எறிதலோ எரித்தலோ புதைத்தலோ கூடாது என்றன. தெருக் கூட்டுவோர் இலைகளை எரிக்காதபடி அவர்களுக்கு ஆணையிடுவதும், அவ்விலைகளைத் தனியே சேர்த்து வைத்து உரியவர்களிடம் ஒப்படைக்கச் செய்வதும் உள்ளாட்சியின் கடமை என்றும் விதித்தன. அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுதும் தடைசெய்து, சிறு அளவில் எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் இழப்பீடாக நிர்ணயித்தது.

ஆகவே, சட்டத்திற்கு நம்மிடம் பஞ்சம் இல்லை. இத்தனை சட்டங்கள் ஏட்டில் இருந்தும் மாசி, பங்குனி மாதங்களில் நம் ஊர்த் தெருக்கள் விடியற்காலையில் புகையில் மூழ்கிக் கிடப்பது ஏன் என்பதே ஆராய வேண்டிய வினா.

இவ்வினாவுக்கு விடை தேடும்போது, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தார் பெற்ற அனுபவம் நமக்குப் பெரிதும் பயன்படும் என்பது என் அபிப்பிராயம். ஒரு புறம் பசிபிக் சமுத்திரமும் மறுபுறம் மலைத்தொடரும் சூழ்ந்த அந்நகரத்தில், கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் கவிந்துகொள்வதால், கீழே எழும் புகை மேலே செல்ல வழியின்றித் தங்கிவிடுகின்றது. நம் நாட்டில் மார்கழி விடியற்காலைகளில் நேர்வதும் இதே இயற்கை நிகழ்ச்சிதான். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943 ஜூலை 26ஆம் நாள், கண்ணைக் கரிக்கும் புகைமண்டலம் அந்நகரத்தை மூடிக்கொள்ள, மூன்று தெருத்தொலைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாமற் போகவே, ஜனங்கள் பகைவர் நச்சுப்புகை வீசிவிட்டனரோ என்று அஞ்சினர். செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் தயாரித்த தொழிற்சாலை ஒன்றே காரணம் என்று கருதி அதனை நிறுத்தி வைத்துப் பார்த்தனர், புகைமண்டலம் நீங்கவில்லை. 1947இல் காற்று மாசைக் கட்டுப்படுத்துவதற்கென்றே அந்நகரம் அடங்கிய மாவட்டத்தில் தனி ஸ்தாபனம் ஒன்று தோன்றியது. அமெரிக்க நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. அந்த ஸ்தாபனம் ஆலைகளின் புகைபோக்கிகளை ஆராய்ந்தது. திறந்த குப்பைக் கிடங்குகளில் எரிப்பதை நிறுத்தியது. அதன் பிறகு அதன் பார்வை வீட்டுக் கொல்லைப்புறங்களின் மேல் விழுந்தது.

அந்நகரத்து வீடுகளில் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் சிமென்டினாலோ செங்கல்லினாலோ கட்டிய சிறு எரியடுப்பு ஒன்று இருக்கும். காகிதம், அட்டை, தோட்டத்து இலை, புல் ஆகியவற்றைத் தினந்தோறும் அதிலிட்டுக் கொளுத்துவது அங்கே பல்லாண்டு வழக்கம். அவ்வாறு கொளுத்தும்படி செய்ததே அந்நகர நிர்வாகம்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். சமையல் கழிவை நகராட்சி தனியே எடுத்துச் சென்றது. அது பன்றிப் பண்ணைகளுக்குத் தீனியாயிற்று. தகர டப்பாக்களையும் கண்ணாடியையும் தனியே எடுத்துச் சென்றது. எரியக்கூடியவற்றை மட்டும் எடுத்துச் செல்லாமல், வீட்டுக்காரரே எரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. இவ்வாறு இலட்சக்கணக்கான எரியடுப்புகள் புகைந்துகொண்டிருந்த நகரத்தில், முதலில் எரிக்கும் நேரங்களைக் கட்டுப்படுத்திப் பார்த்தனர். கடைசியில் 1957 அக்டோபர் முதல் நாள் தொடங்கிக் கொல்லைப்புற எரியடுப்புகளை அடியோடு தடைசெய்தனர். எதிர்ப்பு பலமாகவே இருந்தது. என் வீட்டுக் கொல்லையில் நான் செய்வதைத் தடுக்க அரசாங்கத்திற்கு என்ன உரிமை என்று கேட்டோர் இருந்தனர்; மோட்டார் வாகனங்களை விட்டுவிட்டு ஏழைக் குடும்பத்தின் அடுப்பைப் பிடிக்கலாமா என்று கேட்டோரும் இருந்தனர். பிந்திய கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. கால்டெக் கலாசாலையின் ரசாயன ஆசிரியர் ஹாகன்-ஸ்மிட், வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் கக்கும் ஆவிகள் வெயிலில் வினைப்பட்டு ஓசோனாக மாறுவதே அப்புகைமண்டலத்தின் முக்கிய காரணம் என்பதை 1950களின் தொடக்கத்திலேயே நிரூபித்திருந்தார். எரியடுப்புகள் அணைந்த பின்னும் அந்நகரத்தின் காற்று தூய்மையடையப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆயினும், அத்தடை நிலைத்தது; இன்று அங்கே கொல்லையில் குப்பை எரிக்க வேண்டும் என்று கேட்பார் ஒருவரும் இலர்.

அது எவ்வாறு நிலைத்தது என்பதே நமக்கு வேண்டிய பாடம். எரிக்காதே என்று சொன்ன நகராட்சி, அன்றுவரை தான் எடுக்காமல் விட்டிருந்த எரிகுப்பையையும் வீடுதோறும் வந்து எடுத்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றது. லாரிகளும் ஆட்களும் கொட்டுமிடங்களும் அதற்கென ஏற்பாடாயின. கையில் குப்பையை வைத்துக்கொண்டு விழித்து நிற்க எந்த வீட்டுக்காரருக்கும் அவசியம் ஏற்படவில்லை. இந்தப் பரிகாரத்திலும் குறை இருந்தது என்பதை மறைப்பது முறையன்று. தீயிலிருந்து தப்பிய குப்பை மண்ணுக்குப் போயிற்று. அதே 1957இல் தொடங்கிய புவென்டே ஹில்ஸ் என்னும் குப்பைக் கிடங்கு, 2013இல் மூடப்படும்போது அந்நாட்டின் மிகப் பெரிய குப்பை மலையாக வளர்ந்து நின்றது. மேலும், குப்பையை இன்னின்னவாறு பிரித்து வைக்க வேண்டும் என்னும் ஏற்பாடு இல்லத்தரசிகளுக்குத் தொல்லையாக இருப்பதைக் கண்ட சாம் யார்ட்டி என்பவர், பிரிக்கும் தொல்லையை ஒழிப்பேன் என்று வாக்களித்து 1961இல் மேயர் பதவியைக் கைப்பற்றினார். நல்ல விதியாயினும், அதனை அனுசரிப்பது எளிதாக இல்லாவிட்டால் ஜனங்கள் அதனை வாக்குச்சீட்டாலேயே தள்ளிவிடுவார்கள் என்பதற்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். காவிரிப் பாசனத்து நகராட்சி ஒன்றில், மாசி மாதத்து விடியற்காலையில், தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கும் தெரு ஒன்றின் வழியே நான் நடந்து செல்ல நேர்ந்தது. நடுத்தர வயதுடைய தூய்மைப் பணியாளர் ஒருவர், நீண்ட மூங்கில் கழியில் கட்டிய ஈர்க்கு விளக்குமாற்றால் சருகைப் பெருக்கிப் பத்தடிக்கு ஒரு குவியலாகச் சேர்த்து வந்தார். மூன்று குவியல்கள் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தன. நான்காவதில் தீக்குச்சியைக் கிழித்து வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்று வீசாத பக்கமாக நகர்ந்து நின்று இருமினார். இதை எரிக்கக் கூடாதென்று உங்களுக்குச் சொல்லவில்லையா அம்மா என்று கேட்டேன். அவர் சொன்ன மறுமொழியை அவர் வாய்மொழியாகவே தருகிறேன்: “சொல்லியிருக்காங்க ஐயா. அதோ போர்டுகூட வச்சிருக்காங்க. வண்டி ஒரு நடைதான் வருது. வந்தாலும் சருகை ஏத்திக்க மாட்டேங்கிறாங்க, எடை நிக்காதாம். இப்படியே வுட்டுட்டுப் போனா காத்தடிச்சா மறுபடியும் தெரு பூரா பரவிக்கும். எட்டு மணிக்கு மேஸ்திரி வந்து பாக்குறப்ப தெரு சுத்தமா இருக்கணும். நான் எங்க கொண்டு போய்ப் போடட்டும், நீங்களே சொல்லுங்க.”

அவர் கேட்ட கேள்விக்கு அப்போது என்னால் விடை சொல்ல முடியவில்லை. அக்கேள்வியில்தான் இச்சொற்பொழிவின் பொருள் முழுதும் அடங்கியிருக்கின்றது. குப்பை வாரும் பணி ஒப்பந்தக்காரரிடம் விடப்படும் ஊர்களில், ஏற்றிச் செல்லும் எடைக்குத் தக்கபடி கூலி கொடுப்பது பரவலான முறை. ஈரமான சமையல் கழிவும் மண்ணும் கட்டட இடிபாடும் எடை நிற்கும். ஒரு வண்டி நிறையச் சருகை ஏற்றினாலும் எடை நிற்காது. ஆகவே, சருகு வண்டிக்கு வேண்டாத பொருளாகிவிடுகின்றது. வண்டிக்கு வேண்டாத பொருள் தெருவில் கிடக்கவும் கூடாது என்றால், அதனைத் தீயிடுவதன்றி அந்தப் பெண்மணிக்கு வேறு உபாயம் எது? ஒப்பந்தப் பத்திரத்தின் ஒரு ஷரத்திலே பிறந்த தீ அது. அவரைப் பிடித்து 5,000 ரூபாய் அபராதம் விதித்தால், அவருடைய பல நாளைய கூலி பறிபோகும், புகை நிற்காது, மறுநாள் இன்னும் விடியற்காலையில், யாரும் பாராத நேரத்தில் அது எழும். அப்புகையை முதலில் சுவாசிப்பவரும், மிகுதியாகச் சுவாசிப்பவரும் அவரே என்பதையும் நாம் மறக்கலாகாது. கையுறையும் முகக்கவசமும் பணியாளருக்கு வழங்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகளே கூறின. நான் கண்ட அவ்வம்மையாரிடம் முந்தானை ஒன்றே இருந்தது.

பணமில்லை, ஆளில்லை, வண்டியில்லை என்று நகராட்சிகள் சொல்லும் சமாதானத்தை நீதிமன்றம் ஏற்குமா? இதற்கு விடை 1980ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்னும் ஊரில் திறந்த சாக்கடையின் துர்நாற்றத்தாலும் நோயாலும் அவதியுற்ற மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட, அவர் நகராட்சிக்கு ஆணை பிறப்பிக்க, எங்களிடம் பணம் இல்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பில், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி ஒரு நகராட்சி தன் சட்டபூர்வமான அடிப்படைக் கடமையினின்று தப்பிக்க இயலாது என்பது ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது. கண்ணியமான சுகாதார வாழ்வை மக்களுக்கு அளிப்பது, உபரிப் பணம் கையில் இருக்கும்போது செய்யும் தர்மம் அன்று என்னும் அத்தீர்ப்பின் உட்பொருளை, ஒவ்வொரு நகர்மன்ற உறுப்பினரும் பதவியேற்கும் நாளிலேயே கற்றறிய வேண்டும் என்பேன்.

இக்கோட்பாடு அண்மையிலும் வலியுறுத்தப்பட்டது. 2023 மார்ச் 2ஆம் நாள் கொச்சி நகரத்தின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ, ஏறத்தாழ இரண்டு வாரம் அணையாமல் அந்நகரத்தையே புகையில் ஆழ்த்தியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அம்மாநகராட்சியின் மேல் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2022 ஏப்ரல் இறுதியில், நம் சென்னையிலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கு பல நாள் எரிந்தது. தனி மனிதன் எரித்த கைப்பிடிச் சருகுக்கும் இத்தகைய பெருந்தீக்கும் நடுவே உள்ள தூரத்தை எண்ணும்போது, தண்டனை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது வெளிப்படை. பிரித்து வாங்காத குப்பை, கிடங்கில் மலையாகக் குவிந்து, உள்ளே மக்கி மீத்தேன் வாயுவைப் பிறப்பித்து, கோடை வெப்பத்தில் ஒரு பொறிக்குக் காத்துக் கிடக்கின்றது. அம்மலையை வளர்த்தவர் யார் என்று கேட்டால், பிரித்துக் கொடாத நாமும், பிரித்து வாங்காத மன்றமும் என்றே விடை வரும்.

சருகை என்ன செய்வது என்னும் கேள்விக்கு நம் நாடே உலகத்திற்கு விடை சொல்லியிருக்கின்றது. இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் அறிஞர், இந்திய, சீனக் குடியானவர்களின் வழக்கங்களிலிருந்து தாம் கற்றதை முறைப்படுத்தி, இலை தழைகளோடு சாணமும் மண்ணும் சாம்பலும் அடுக்கடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, இடையிடையே புரட்டிப் போட்டால் மூன்று மாதத்தில் நல்ல எரு கிடைக்கும் என்பதை நிலைநாட்டினார். ‘இந்தூர் முறை’ என்னும் பெயரோடு அது உலகெங்கும் பரவியது. சருகில் கரிமம் மிகுதி, தழைச்சத்துக் குறைவு. ஆதலால் தனிச்சருகு மெதுவாகவே மக்கும். சாணக் கரைசலோ, காய்கறிக் கழிவோ, பசும்புல்லோ சேர்த்தால் அக்குறை நீங்கும். குவியலின் நடுவில் கையை வைத்தால், பிழிந்த துணியில் உள்ள அளவு ஈரம் இருக்க வேண்டும். இரண்டொரு நாளில் உள்ளே 55 பாகை முதல் 65 பாகை வரை சூடேறும். அச்சூட்டிலேயே களை விதைகளும் நோய்க் கிருமிகளும் மடியும். எரிக்கும்போது தழைச்சத்திற் பெரும்பகுதி புகையோடு போய்விட, மிஞ்சுவது ஒரு கை சாம்பல். மக்க வைத்தால் அச்சத்து மண்ணுக்குத் திரும்புகின்றது. தஞ்சையில் பிறந்து கிராமப் பொருளாதாரத்திற்காகவே வாழ்ந்த ஜே. சி. குமரப்பா, இயற்கையிடமிருந்து பெற்றதை இயற்கைக்கே திருப்பிக் கொடுக்கும் வாழ்க்கை முறையைத் தம் ஆயுள் முழுதும் உபதேசித்தார். அவர் பிறந்த மண்ணில் நாம் இலையைக் கொளுத்திவிட்டு, மூட்டை மூட்டையாக யூரியாவை விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டின் நகராட்சிகளில் நுண்ணுரமாக்கும் மையங்கள் பல தோன்றியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அவற்றுக்குச் சருகைக் கொண்டு சேர்க்கும் வண்டிதான் பல தெருக்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

போகிப் பண்டிகையைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 ஜனவரி 13ஆம் நாள் போகியன்று சென்னையில் பனியும் புகையும் கலந்து மூடியதால், விமானங்கள் இறங்க இயலாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவது போகி சம்பிரதாயத்தில் எக்காலத்தும் இருந்ததில்லை. பழைய பாயும் துடைப்பமும் இட்டு வாசலில் ஒரு சிறு தீ மூட்டுவதோடு அன்றைய அனுஷ்டானம் முடிந்தது. பழைய பொருள்களை அன்று வீடுதோறும் பெற்றுக்கொள்ள மாநகராட்சி வண்டி அனுப்பும் வழக்கம் சென்னையில் தோன்றியிருப்பது, நான் முதலில் கூறிய நியாயத்தின்படி அமைந்த நற்செயலே ஆகும்.

விதிவிலக்கே கூடாதா என்று கேட்கலாம். கூடும், அதையும் விதியிலேயே எழுதிவைக்க வேண்டும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தார் நகர வளர்ச்சிப் பகுதிகளில் வீட்டுத் தோட்டக் கழிவை எரிப்பதை முற்றிலும் விலக்கினர். நாட்டுப்புறங்களில் இலை, கிளை முதலிய இயற்கைக் கழிவை மட்டும், குவியல் நான்கு அடிக்கு மேற்படாமல், அன்றைய தினம் எரிக்க அனுமதி உள்ள நாள்தானா என்று விசாரித்துக்கொண்டு எரிக்கலாம் என்றனர். பீப்பாயிலிட்டு எரிப்பதையும், பிளாஸ்டிக்கையோ வீட்டுக் குப்பையையோ எரிப்பதையும் எவ்விடத்தும் அனுமதிக்கவில்லை. நம் கிராம ஊராட்சிகளில் மாட்டுக் கொட்டிலில் கொசுவிரட்டப் போடும் மூட்டத்தையும், பூச்சி விழுந்த செடிகளைக் குடியானவர் எரிப்பதையும், தெருநடுவே பிளாஸ்டிக் எரிப்பதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் விதி எதுவும் மதிக்கப்படாது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் கணக்கற்ற தென்னைகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களை என்செய்வதென்று அறியாமல் விவசாயிகள் திகைத்ததை நாம் கண்டோம். மட்டையையும் தண்டையும் துண்டாக்கித் தூளாக்கும் அரவை இயந்திரம் வட்டாரத்திற்கு ஒன்று இருக்குமாயின், அத்தகைய ஆபத்துக் காலத்திலும் தீயின் துணையை நாடும் அவசியம் பெரிதும் குறையும்.

குடிமக்களாகிய நமக்கும் பங்கு உண்டு. சருகோடு பிளாஸ்டிக்கைக் கலப்பவர்கள் நாம்தான். கலந்த சருகை உரக்குழியும் ஏற்காது. வீட்டுக்கு முன்னுள்ள மரம் உதிர்த்த இலையைச் சாக்கடையில் தள்ளுகிறவர்களும் நாம்தான். இடமுள்ள வீடுகளில் மூன்றடி உயரத்துக்குக் கம்பிவலையை வட்டமாக நட்டு, அதில் இலையைப் போட்டு வருவதற்குச் செலவு மிகச் சொற்பம். சிரத்தை ஒன்றே வேண்டும்.

இச்சபையில் நகர்மன்ற உறுப்பினர்கள் சிலர் அமர்ந்திருக்கக் காண்கிறேன். அவர்களிடம் என் விண்ணப்பம் இதுதான்: அடுத்த ஒப்பந்தப் பத்திரத்தில் சருகுக்கு எடைக்கணக்கை விலக்கி, நடைக்கணக்கில் கூலி நிர்ணயியுங்கள், வார்டுதோறும் ஓர் உரக்குழிக்கு இடம் ஒதுக்குங்கள், மாசி பிறப்பதற்குள் சருகுக்கென்று தனி வண்டியை விடுங்கள். அவ்வண்டி தவறாமல் வரத் தொடங்கிய பிறகும் எரிப்பவர் எவரேனும் இருந்தால், அவர் யாராயினும் தயவு தாட்சணியம் பாராமல் அபராதம் விதியுங்கள்.